அப்பத்தாவின் வெள்ளி ரூபாய்க்கு மதுரையில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை

அப்பத்தாவின் சுருக்குப்பையில் கிடந்த வெள்ளி ரூபாய்கள் என்ன பெறும் என்று விசாரிக்கும் வேலை, விடுமுறைக்கு மதுரை போன என் தலையில் விழுந்தது. கனடாவிலிருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

முதலில் தெற்காவணி மூல வீதியில் ஒரு வெள்ளிக்கடை. உபசரிப்பில் குறையே இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, என் கண் முன்னாலேயே எடை போட்டார்கள். ஒவ்வொரு காசும் பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல், அதாவது அந்தக் கால எடையில் ஒரு தோலா. வெள்ளி நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் காரட் மீட்டரில் விக்டோரியா காசும் ஐந்தாம் ஜார்ஜ் காசும் 91 காட்டின. 1944ஆம் வருடத்து ஆறாம் ஜார்ஜ் காசுகள் 50இலேயே நின்றுவிட்டன. உலகப்போர் நேரத்தில், 1940 முதல், ரூபாயில் வெள்ளியை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். "இதுல பாதிதான் தம்பி வெள்ளி" என்று கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

நேர்மையான மனிதர்தான். ஆனால் காசின் வருடத்தை அவர் பார்க்கவே இல்லை. 1862ஆக இருந்தாலும் 1919ஆக இருந்தாலும் அவருக்கு எடைதான் கணக்கு. "கறுத்துப் போயிருக்கு, பாலிஷ் போட்டுத் தரவா?" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தால், வீட்டில் அத்தை விபூதியும் துணியுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரையும் தடுக்க வேண்டியிருந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைந்துவிடும்.

இதற்கிடையில் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி காசாம், பல லட்சம் பெறுமாம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டவேண்டுமாம். கம்பெனி மெட்ராஸில் கோபுரமும் விஷ்ணுவும் பொறித்த காசு அடித்தது உண்மை. ஆனால் இந்த ராமர் காசுகள் எல்லாம் பிற்காலத்துக் கோயில் டோக்கன்கள், பணமாகப் புழங்க அடித்தவை அல்ல, அவ்வளவுதான். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. முன்பணம் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையில் பார்த்த நாணய வியாபாரிதான் காசைக் காசாகப் பார்த்தார். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, விளிம்பை மட்டும் பிடித்து, லென்ஸில் ஒவ்வொன்றாக. கொக்கி வைத்துப் பற்றவைத்த தடம் இருந்த ஒன்றை உடனே ஒதுக்கினார். அது இனி வெள்ளி விலைதான். 1862 என்று இருந்தால் அந்த வருடமே அடித்தது என்று அர்த்தமில்லையாம். 1874 வரை அதே வருடத்தைப் போட்டே அடித்திருக்கிறார்கள். அதில் உள்ள புள்ளிகளை எண்ணித்தான் ரகம் பிரிக்கிறார்கள்.

1911 காசு வந்ததும் கை நின்றது. ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருக்கும் சின்ன யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரித் தெரிகிறது என்று அந்தக் காலத்தில் எதிர்ப்புக் கிளம்ப, வெளியே விட்டது போக மீதியை உருக்கிவிட்டார்கள். அடுத்த வருடமே யானையைத் திருத்தி அடித்தார்கள். லென்ஸை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன், சத்தியமாகப் பன்றிதான். அதற்கு மட்டும் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு சொன்னார்.

ஆனால் விலை சொல்பவரே வாங்குபவர் என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு கடையில் அதே காசுக்குக் கணிசமாகக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். இணையத்தில் ஆளாளுக்குப் போடும் விலையை விட்டுவிட்டு, ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்ற விலையைப் பாருங்கள். உங்கள் காசைப் போலவே தேய்ந்த காசு எவ்வளவுக்குப் போனது என்று ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும்.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முக்கியமான சேதி இது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயமும் தொல்பொருள். பாட்டி காசுதானே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. அதனால் விக்டோரியாவும் 1911உம் சித்தப்பாவின் வங்கி லாக்கருக்குப் போயின. கொக்கிக் காசை அதே வெள்ளிக்கடையில் எடைக்குப் போட்டோம். என்னோடு டொராண்டோ வந்தவை 1944 காசுகளும், புலி போட்ட 1947 நிக்கல் ரூபாய் ஒன்றும்தான்.