ஊட்டி மலையா, மகாபலேஸ்வர் மலையா: எது எரிமலைக் கல்லு?

நம்ம கோயமுத்தூர் பக்கம் நெறய பேரு நீலகிரியும் எரிமலைதான்னு நம்பறாங்க, அப்படி இல்லைங்க. ரெண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலைதான், ஆனா மகாராஷ்டிராவுல இருக்கற மகாபலேஸ்வர் சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி லாவா அடுக்கடுக்கா வழிஞ்சு இறுகினது, அதனால தூரத்துல பாத்தா படிக்கட்டு மாதிரியே தெரியும். கல்லை ஒடைச்சா மாவாட்டம் நைஸ், அங்கங்க காத்துக்குமிழி ஓட்டை, சில ஓட்டைக்குள்ள வெள்ளைப் படிகம்.

நீலகிரி சார்னோகைட்டுங்கற கெட்டிப் பாறைங்க, சுமார் 250 கோடி வருஷப் பழசு, பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல வெந்து உருமாறி மேல வந்தது. கல்லாறு தாண்டி குன்னூர் ஏறும்போது புதுசா ஒடைஞ்ச பாறையப் பாருங்க, எண்ணெய் தடவுன மாதிரி கரும்பச்சை, மணிமணியா இருக்கும். உசரத்துலயும் தொட்டபெட்டா 2637 மீட்டர், மகாராஷ்டிராவுலயே உசரமான கல்சுபாய் சிகரமே 1646தான்.

நம்மூரு கரிசல் மண்ணும் லாவாவுல வந்ததில்ல, இங்கத்த பாறை மக்கி வந்ததுதான். எனக்கு எப்பவும் நீலகிரிதாங்க.