அக்காவின் போனிலிருந்து இணையத்தளத்துக்கு: ஏர்டேபிள், மேக், வேர்ட்பிரஸ் மூன்றோடும் மூன்று வருடம்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருக்கும் என் அக்காவும் அவரோடு சேர்ந்த சில பெண்களும் தேன், பனங்கட்டி, ஒடியல் மா, உழுந்து, காலபோக அறுவடை முடிந்தால் மொட்டைக்கறுப்பன் அரிசி என்று விற்கிறார்கள். அவர்களுக்கு இணையத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் செய்து கொடுத்தவன் நான். நான் இருப்பது கிளிநொச்சியில். முதல் ஒரு வருடம் எப்படி ஓடியது என்றால், அக்கா வட்ஸ்அப்பில் படமும் குரல் பதிவும் அனுப்புவார், நான் வேலை முடிந்து வந்து இரவில் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து ஏற்றுவேன். பல இரவுகள் ஏற்றவில்லை. தேன் விற்று முடிந்து ஒரு கிழமை கழித்துத்தான் அந்தத் தேன் தளத்தில் வரும், அதைப் பார்த்து லண்டனிலிருந்து யாராவது கேட்பார்கள், இல்லை என்று அக்கா சொல்ல வேண்டும். அந்தத் தாமதம் முழுக்க என்னால் வந்தது.

அதனால் 2022 மார்கழியில், கோட் எதுவும் எழுதாமல், மூன்று கருவிகளைத் தொடுத்தேன். அக்கா எழுதுவது ஏர்டேபிளில், போனில் திறக்கும் ஒரு அட்டவணை, ஒரு வரிசை ஒரு பொருள். நடுவில் நின்று எடுத்துக்கொண்டு போவது மேக், முன்பு இன்டெக்ரோமட் என்று இருந்தது. போய்ச் சேரும் இடம் வேர்ட்பிரஸ், அதில் மேக்கின் இணைப்புப் பிளக்இன்னை (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டு, அது தரும் திறவுகோலை மேக்கில் கொடுத்தால் போதும். இணைப்பதற்கு எனக்கு ஒரு பின்னேரம்தான் பிடித்தது. ஒழுங்காக ஓட வைக்க நான்கு மாதம் பிடித்தது, இங்கே எழுத நினைத்தது அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான்.

முதலில் காசு. அந்த நேரம் ஒரு டொலர் 360 இலங்கை ரூபாயைத் தாண்டி நின்றது, மாதச் சந்தா என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாம் இலவசத் திட்டத்துக்குள் அடங்க வேண்டும். மேக்கின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 1,000 ஒப்பரேஷன், அதாவது மேக் செய்யும் ஒவ்வொரு சின்ன வேலையும் ஒன்று (இப்போது அதைக் கிரெடிட் என்கிறார்கள்). 15 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணையைப் பார்க்க விடலாம் என்று இருக்கிறது, நானும் அப்படியே விட்டேன். ஆனால் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்த்ததற்கு ஒன்று கழியும். நாளுக்கு 96, மாதத்துக்கு 2,880. பத்தாம் பதினோராம் நாளே கணக்குத் தீர்ந்துவிடும்! காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை மணிக்கு ஒரு தடவை என்று மாற்றினேன், மாதம் 480 தான் போகிறது, மீதி உண்மையான வேலைக்கு. ஒரு மணித்தியாலம் பிந்தி வருவதால் பனங்கட்டி கெட்டுப்போகாது. ஏர்டேபிளின் இலவசத் திட்டத்திலும் மாதம் 1,000 ஏபிஐ அழைப்பு (வேறு கருவி வந்து அட்டவணையைத் தொடுவது) என்ற எல்லை உண்டு, இந்த ஒரு மாற்றம் அதையும் சேர்த்துச் சமாளித்தது.

படங்கள் அடுத்தது. ஏர்டேபிளில் போட்ட படத்தின் இணைப்பை நேரே தளத்தில் ஒட்டினேன், வடிவாக வந்தது, சாயந்தரம் பார்த்தால் ஒரு படமும் இல்லை. 2022 நவம்பரிலிருந்து அந்த இணைப்புகள் சில மணித்தியாலத்தில் காலாவதியாகும், அறிவித்தும் இருந்தார்கள், நான் வாசிக்கவில்லை. படத்தை மேக்குக்குள் இறக்கி, வேர்ட்பிரஸின் மீடியாவுக்குள் ஏற்றி, அங்கே கிடைக்கும் எண்ணைப் பதிவோடு சேர்க்க வேண்டும். மேக்கில் இரண்டு மொடியூல், அதாவது இரண்டு படி, கூடும், அவ்வளவுதான்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரியைச் செய்துவிடும். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியும், அதாவது மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக, அந்த முகவரிக்குள் 9 இடத்தைப் பிடிக்கும், மொத்தம் உள்ளதே 200 இடம். ‘மொட்டைக்கறுப்பன் பச்சை அரிசி’ என்று போட்டால் ‘அரிசி’ முழுதாக வராது, அறுந்துவிடும். அதே முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஐந்தாறு வரிக்கு நீளும், வாங்க வந்தவர் ஏதோ வைரஸ் என்று பயந்து அமத்தமாட்டார். ஏர்டேபிளில் ‘முகவரிப் பெயர்’ என்று தனி நிரல் (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் பகுதி) வைத்து ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒன்றைப் போட்டு, அதையே முகவரியாக அனுப்புகிறேன்.

பாமினி என்ற பழைய எழுத்துருவும் ஒரு மாதத்தைத் தின்றது. பழைய பொருள் விவரங்கள் எல்லாம் யாரோ கொமினிகேஷன் கடையில் பாமினியில் அடித்துக் கொடுத்தவை. பார்வைக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து, தளத்துக்குப் போனதும் வெறும் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், வேறு வழி கிடையாது.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. இப்படித் தொடுப்பவர்கள் எல்லோரும் தகவல் தளத்துக்குப் போவதைப் பற்றியே யோசிப்போம், திரும்பி வருவதை யோசிக்கமாட்டோம். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் அக்கா ஒவ்வொரு தடவையும் எனக்கு அழைப்பு எடுப்பார். “தம்பி, காலமை போட்டனான், வந்திட்டுதோ?” நான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் என்ன குறைந்தது? தட்டச்சு வேலை குறைந்தது, நம்பிக்கை கூடவில்லை.

சரி, பதிவு ஏறியதும் அதன் இணைப்பையும் எண்ணையும் அதே வரிசையில் திருப்பி எழுத வைத்தேன். அன்றைக்குத்தான் பெரிய சேதம் நடந்தது. வரிசையில் எதையாவது மாற்றினால் ‘கடைசியாக மாற்றிய நேரம்’ மாறும், மேக் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறது. இணைப்பைத் திருப்பி எழுதியதும் ஒரு மாற்றம்தானே. அடுத்த மணிக்கு அதே வரிசையை மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றி, மறுபடி எழுதி... இரவு பார்த்தபோது ஒரே தேன் போத்தல் தளத்தில் பன்னிரண்டு தடவை நின்றது, 14 பொருளும் அப்படியே, அந்த மாதக் கணக்கும் அன்றோடு முடிந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன்.

அதற்கு இரண்டு மருந்து, இரண்டும் வேண்டும். ஏர்டேபிளில் அந்த நேர நிரலை அக்கா எழுதும் நிரல்களை மட்டும் கவனிக்கச் சொல்லலாம், பெயர், விலை, விவரம், படம், இருப்பு, அவ்வளவும் போதும். அப்புறம் மேக்கில் வழியை இரண்டாகப் பிரித்தேன்: பதிவு எண் நிரல் வெறுமையாக இருந்தால் புதிதாகப் போடு, எண் இருந்தால் அந்தப் பதிவையே திருத்து. அதற்குப் பிறகு இன்று வரை ஒரு இரட்டைப் பதிவும் வரவில்லை.

இணைப்பைத் திருப்பி எழுதும் அந்தச் சின்ன நிரல் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். 2024 இல் ஒரு இரவு தளம் இருந்த சேவர் விழுந்துவிட்டது. மேக் தொடர்ந்து பிழை வந்தால் தானாக ஓட்டத்தை நிறுத்திவிடும், நிறுத்தியது, அதைச் சொல்லி வந்த மின்னஞ்சலை நான் திறக்கவே இல்லை. கண்டுபிடித்தது அக்கா. “தம்பி, ரெண்டு நாளா இணைப்புக் கட்டம் வெறுமையாக் கிடக்குது, உங்கட பக்கம் என்னவோ நிண்டு போச்சு.” எனக்குத் தெரிய முன்னம் அவருக்குத் தெரிந்தது, அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். பிழை வந்தால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி முயலும்படி பிறகு அமைத்தேன்.

குறைகளும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் ஏர்டேபிளில் எழுத முடியாது, காட்டுப் பக்கம் வீடு உள்ளவர்கள் போனின் குறிப்பில் எழுதி வைத்து, றோட்டுக்கு வந்த பிறகு ஒட்டுகிறார்கள். வரி விட்டு எழுதியது தளத்தில் ஒரே பந்தியாக ஒட்டிக்கொள்ளும், வரி முறிப்பை மேக்கிலேயே மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பொருள் போடுகிற கடை என்றால் இலவசத் திட்டம் போதாது, அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். மாதம் இருபது முப்பது மாற்றம் உள்ள எங்களுக்கு மூன்று வருடமாக ஒரு ரூபாயும் போகவில்லை, ஹோஸ்டிங் காசைத் தவிர.

இப்போது முள்ளியவளையில் இருக்கும் இன்னொரு அக்காவும் அதே அட்டவணையில் எழுதுகிறார், அவருக்குப் பழக்கிக் கொடுத்தது நான் இல்லை, அக்காதான். வாங்குபவர்கள் தளத்தில் கேட்கும் கேள்விகளும் அதே அட்டவணைக்குள் வந்து விழுந்தால் நல்லம் என்று என் அக்கா போன கிழமை கேட்டார். படிவத்திலிருந்து வெப்ஹுக் (கேள்வி வந்ததும் தளமே மேக்குக்குச் சொல்லும் வழி) வைத்துப் பார்க்கிறேன், அதற்கு மணிக்கொரு தடவை போய்ப் பார்க்கும் செலவு கிடையாது. தை பிறந்து புது அரிசி வர முன்னம் முடித்துவிட வேண்டும்.