ஊரில் இல்லை என்பதை ஊரில் போய்ச் சொன்னேன்

2024 அக்டோபர் கடைசியில் கும்பகோணம் போய் ஏழு வாரம் இருந்தேன். வழக்கமாக இந்தப் பயணங்கள் கோயில், கல்யாணம், பல் மருத்துவர் என்று கரைந்துவிடும். இந்த முறை ஒரு காக்கி உறையைக் கையில் பிடித்தபடியேதான் சுற்றினேன். அதற்குள் பென்ஷன் ஆணை, மூன்று பாஸ்புக், பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிப் புத்தகம், வருமான வரிக் கணக்கு நகல்கள்.

அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2016இல் ஓய்வு பெற்றவன் நான். மறு ஆண்டு மனைவியுடன் நியூ ஜெர்ஸியில் உள்ள மகன் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. பேரன் பிறந்தான், அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை வந்தது, அப்படியே தங்கிவிட்டோம். ஊரில் வீடு பூட்டியிருக்கிறது. சாவி தம்பியிடம். வங்கி விவகாரமும் அவனிடம். வங்கியில் பதிவான கைபேசி எண்கூட அவனுடையதுதான்.

முதலில் வாழ்நாள் சான்றிதழை முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதலே அனுமதி உண்டு. கடந்த சில ஆண்டுகளாக நியூ யார்க்கில் உள்ள துணைத் தூதரகத்தில் சான்று பெற்றுத் தபாலில் அனுப்பினேன். ஊரிலேயே இருக்கும்போது அந்த அலைச்சல் எதற்கு என்று வங்கிக்குப் போனால், விரல் ரேகைக் கருவி என் கட்டைவிரலை ஏற்க மறுத்தது. துடைத்தார்கள், ஈரப்படுத்தினார்கள், இடது கையை வைக்கச் சொன்னார்கள். முப்பத்தாறு ஆண்டு முத்திரைக் கட்டையைப் பிடித்த விரல். ரேகை எங்கே மிச்சமிருக்கும்? "நாளைக்கு வாருங்கள் சார், சர்வரும் மெதுவாக இருக்கிறது" என்றார் அங்கிருந்த பெண். வெளியே நல்ல மழை.

நாளைக்குப் போகவில்லை. தபால்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் வீட்டு வாசலிலேயே டிஜிட்டல் சான்றிதழ் எடுத்துத் தருகிறார்கள், கட்டணம் 70 ரூபாய். வந்தவர் இளம் வயதுப் பையன். அவருடைய கருவியும் விரலை ஏற்கவில்லை. உடனே கைபேசியை எடுத்து முக அங்கீகாரத்துக்கு மாறினார். 2021இல் வந்த வசதி அது. ஊஞ்சல் பலகையில் உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பி, "கண்ணைச் சிமிட்டுங்கள் ஐயா" என்றார். சிமிட்டினேன். உயிரோடு இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. காப்பி கொடுத்தேன், நானும் தபால்காரன்தான் என்று சொன்னதும் 70 ரூபாயை வாங்கத் தயங்கினார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். கணக்கு கணக்குதான்.

இவ்வளவு சுலபமாக முடிந்த வேலை அந்தப் பயணத்தில் இது ஒன்றுதான்.

பி.பி.எஃப். கணக்கை 2004 ஜனவரியில் தொடங்கினேன். பதினைந்து நிதியாண்டு முடிந்து 2019 ஏப்ரலில் முதிர்ந்தது. அப்போது நான் நியூ ஜெர்ஸியில். இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன், தம்பி கொடுத்துவிட்டான். அந்தப் பழைய படிவத்தில் நீ எந்த நாட்டில் குடியிருக்கிறாய் என்ற கேள்வியே கிடையாது. கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளிநாடு வாழ் இந்தியர் ஊரில் இருந்தபோது தொடங்கிய பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை வைத்துக்கொள்ளலாம். நீட்டிக்க அனுமதி இல்லை. இந்த விதி எனக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சேமிப்புத் திட்டங்களை விற்ற கவுண்டரிலேயே ஆறு வருடம் உட்கார்ந்தவன் நான். விதி தெரியும், அது எனக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை.

கணக்கை முடிக்க வங்கிக்குப் போனபோது, பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நிதி அமைச்சகம் அந்த ஆகஸ்டில்தான் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. இப்படிக் குடியிருப்பு நிலையைச் சொல்லாமல் நீட்டித்த கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 30 வரை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி மட்டும், அதாவது 4 சதவீதம். அக்டோபர் 1 முதல் வட்டியே கிடையாது. நான் 7.1 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் கால்குலேட்டரைத் தட்டி வித்தியாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் பக்கம் திருப்பினார். வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டினாரே, அந்த நாகரிகத்துக்கு நன்றி.

அடுத்த அடி ஆடிட்டர் அலுவலகத்தில் விழுந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அப்பா காலத்துப் பழக்கம். உறையைப் பிரித்துக் காகிதங்களைப் பரப்பினார். சேமிப்புக் கணக்கு இன்னும் உள்நாட்டுக் கணக்காகவே இருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, குடியிருப்பு மாறியதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். அடுத்து டெபாசிட். வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு ஏப்ரலிலும் 15ஹெச் படிவம் போயிருந்தது. நான் கையெழுத்திட்டு வைத்திருந்த வெற்றுப் படிவங்களைத் தம்பி தவறாமல் நிரப்பிக் கொடுத்திருந்தான்.

"15ஹெச் யார் கொடுக்கலாம்?" என்று ஆசிரியர் போலக் கேட்டார்.

"அறுபது வயது தாண்டியவர்கள்."

"அறுபது வயது தாண்டி, இந்தியாவில் குடியிருப்பவர்கள். நீ எங்கே குடியிருக்கிறாய்?"

பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கறிகாய் வண்டி போனது.

வரிக் கணக்கும் அதே கதைதான். நான் தாக்கல் செய்த ஐ.டி.ஆர்.-1 என்ற வருமான வரிப் படிவம் உள்நாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே ஆனது. எனக்கு உரியது ஐ.டி.ஆர்.-2. குறிப்பிட்ட வருமானம் வரை வரியைத் தள்ளிவிடும் 87ஏ பிரிவுத் தள்ளுபடியும் குடியிருப்பவர்களுக்குத்தான். 2023-24 நிதியாண்டில் கழிவுகள் போக என் வருமானம் ஏறக்குறைய ஆறரை லட்சம். புதிய வரி முறையில் அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை தள்ளுபடி இருந்தது என்பதால் வரி பூஜ்யம் என்று நிம்மதியாக இருந்தேன். தள்ளுபடி இல்லையென்றால் செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 20,800 ரூபாய், அதற்கு மேல் வட்டி. அந்த ஆண்டுக் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு அப்போது புதுப்பித்த கணக்குத் தாக்கல் செய்ய முடிந்தது. ஆனால் கட்ட வேண்டிய வரி, வட்டியின் மேல் ஓர் ஆண்டுக்கு 25 சதவீதமும் மற்றதற்கு 50 சதவீதமும் கூடுதல். கட்டினேன். யாரையும் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கு ஆள் நான்தான்.

அன்றிரவு வேறொன்று உறைத்தது. அமெரிக்காவில் பச்சை அட்டைக்காரர் உலகத்தில் எங்கே வந்த வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் மகன் ஒழுங்காகச் செய்து வந்தான். ஆக, அமெரிக்க அரசாங்கத்துக்கு என் கும்பகோணத்துக் கணக்குகள் பைசா சுத்தமாகத் தெரியும். கும்பகோணத்து வங்கிக்குத்தான் நான் அமெரிக்காவில் இருப்பது தெரியாது.

ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று யோசித்தால், சோம்பல் மட்டும் காரணமில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் போனது போனதுதான் என்று ஆகிவிடும் அல்லவா? ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. பாஸ்புக்கிலும் பழைய முகவரி இருக்கட்டுமே என்று ஏதோ ஒரு அசட்டு எண்ணம்.

என்.ஆர்.ஓ. மாற்றத்துக்குப் பாஸ்போர்ட், பச்சை அட்டை, நியூ ஜெர்ஸி முகவரிக்கு ஆதாரம், பான், புகைப்படம் கேட்டார்கள். நான்கு முறை போய்வந்தேன். முதல் நாள் மின்கட்டண ரசீது மகன் பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், நியாயம்தான். இரண்டாம் நாள் அந்த மேஜைக்கு உரியவர் விடுப்பு. மூன்றாம் நாள் முதலீட்டுப் பிரிவு இளைஞர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "டாலரில் வருமானம் வருகிறதா சார்?" என்று தொடங்கி, காப்பீடு கலந்த ஒரு திட்டத்தையும் ஒரு மியூச்சுவல் ஃபண்டையும் அரை மணி நேரம் விளக்கினார். அமெரிக்காவில் குடியிருப்பவரின் பணத்தைப் பல ஃபண்டு நிறுவனங்கள் வாங்குவதே இல்லை. வாங்கினாலும் அமெரிக்க வரிச் சட்டம் இந்திய மியூச்சுவல் ஃபண்டை ஒரு தனி வகையில் தள்ளி, கடுமையாக வரி போட்டு, 8621 என்ற படிவத்தையும் கேட்கும். சொன்னேன். "அப்படியா சார்" என்று உண்மையாகவே குறித்துக்கொண்டார். கெட்ட பையன் இல்லை, மாத இலக்கு அப்படி.

என்.ஆர்.ஓ. டெபாசிட் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள் என்று கேட்டதும் தம்பிக்கு மயக்கமே வந்துவிட்டது. இரட்டை வரி ஒப்பந்தப்படி அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு அது 15 சதவீதம்தான். ஆனால் அதற்கு அமெரிக்க வருமான வரித் துறையிடம் 85 டாலர் கட்டிக் குடியிருப்புச் சான்றுக்கு விண்ணப்பித்து, இங்கே 10எஃப் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. சான்று கைக்கு வரும்வரை முழுப் பிடித்தம்தான். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போடும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரியே இல்லை என்று கல்யாணப் பந்தியில் ஒருவர் அடித்துச் சொன்னார். இந்தியாவில் இல்லை, சரி. நியூ ஜெர்ஸியில் இருப்பவனுக்கு அங்கே உண்டே! பி.பி.எஃப். வட்டிக்கும் அப்படித்தான்.

கைபேசி எண்ணையும் மாற்றினேன். என் பெயரில் ஒரு சிம் வாங்கி, ஆதார், பான், வங்கி மூன்றிலும் அதையே பதிவு செய்தேன். ஆதாருக்கு வரிசையில் ஒன்றரை மணி நேரம். இனி ஒரு முறைக் கடவுச்சொல் நியூ ஜெர்ஸியில் நடுராத்திரி வந்தாலும் எனக்கே வரும். தம்பி கொஞ்சம் வருத்தப்பட்டான். "என்மேல் நம்பிக்கை இல்லையா அண்ணா?" என்றான். கணக்கில் அவன் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்தேன். என்.ஆர்.ஓ. கணக்கில் ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரை அப்படிச் சேர்க்க வழி இருக்கிறது. நான் இருக்கும்வரை நான் இயக்குவேன், அதன் பிறகு அவன். அதைக் கேட்டதும் அவன் முகம் இன்னும் வாடியது. வேறு பேச்சு எடுத்தேன்.

நியூ ஜெர்ஸி திரும்ப மூன்று நாள் இருக்கும்போது புதிய பாஸ்புக் வந்தது. முதல் பக்கத்தில் நியூ ஜெர்ஸி முகவரி, கீழே சிறிய எழுத்தில் கும்பகோணம். பழையதை நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வங்கியில் இருந்த பெண் தலையாட்டிவிட்டு, அட்டையின் மூலையை வெட்டி, ரத்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். மை காய்ந்துபோன முத்திரை. தேதியில் மாதம் மட்டும் விழுந்தது, நாளும் ஆண்டும் விழவில்லை. வாய்வரை வந்துவிட்டது. கடைசியில் கேட்டேவிட்டேன்: "அம்மா, மை தடவி இன்னொரு முறை குத்துகிறீர்களா?"