இம்ப்ரூவ்ட் க்ளின்ச் முடிச்சு: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீனுக்கு ஃப்ளை, அதாவது முள்ளில் இறகு கட்டிய செயற்கை இரை, வீசத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், "ஃப்ளையைத் தூண்டில் நரம்பில் கட்ட இம்ப்ரூவ்ட் க்ளின்ச் முடிச்சு போதுமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். கட்டும் முறை அவருக்குத் தெரியும். அது எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நைலான் டிப்பெட்டில், அதாவது ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பில், இதைக் குறை சொல்ல முடியாது. 12ஆம் நம்பர் முள், 4எக்ஸ் நைலான், அதாவது 0.18 மி.மீ., ஐந்து சுற்று. முடிச்சு சின்னது, ஃப்ளையின் தலையில் பாரமாகத் தெரியாது, நரம்பும் அதிகம் வீணாகாது. பொழுது சாயும்போது விரல் பழக்கத்திலேயே கட்டிவிடலாம்.

எரிச்சலெல்லாம் இன்னொரு வகை நரம்பான ஃப்ளூரோகார்பனில்தான். 0.23, 0.28 மி.மீ. என்று தடிமன் ஏற ஏற இந்த முடிச்சு பாடாய்ப் படுத்துகிறது. நைலானைவிட விறைப்பான நரம்பு என்பதால் சுற்றுகள் வரிசையாகப் படியாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கடைசியாகப் பெரிய வளையத்துக்குள் விடுகிறோமே, அந்த நுனி குறுக்கே மாட்டிக்கொண்டு முடிச்சை இறுக விடாது. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மீன் திமிறுகிற நேரத்தில் உருவிக்கொண்டு போய்விடும். வயிறு எரியும்.

அறுந்து வந்த நுனியை எறிந்துவிடாமல் பாருங்கள். பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவியிருக்கிறது. வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தால் பாறையில் உரசியிருக்கிறது. ஒகேனக்கல் பாறை இடுக்குகளில் அதுதான் அதிகம், அதற்கு முடிச்சைத் திட்டிப் பயனில்லை. முடிச்சருகே வெட்டியது போலத் துண்டாகியிருந்தால் முள்ளின் காதை, அதாவது நரம்பு நுழையும் துளையை, சோதியுங்கள். மலிவான முட்களில் காதை வளைத்த கம்பியின் முனை முழுதாக மூடியிருக்காது. மெல்லிய நரம்பு அந்த இடைவெளியில் நழுவி அறுபடும். ஃப்ளையின் தலையில் பூசிய வார்னிஷ் காதில் உறைந்திருந்தாலும் நரம்பு உரசிக்கொண்டேதான் நுழையும். ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

நியாயமாகச் சொன்னால், பாதிக் குற்றம் கட்டுகிற கையுடையது. காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து, மெதுவாக இழுத்து, சுற்றுகள் படிந்த பிறகுதான் கடைசி இறுக்கம். நுனியை ஒட்ட நறுக்காமல் 2 மி.மீ. விடுங்கள். பிறகு நிதானமாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உருவுவதானால் கரையிலேயே உருவட்டும்.

பலோமர் முடிச்சு போடலாமே என்பார்கள். பின்னல் நரம்புக்கும் பெரிய முள்ளுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஃப்ளையை முழுதாக வளையத்துக்குள் விட்டெடுக்க வேண்டும், இறகு கலைந்துவிடும். மடித்த நரம்பு சின்னக் காதில் நுழையவும் நுழையாது.

நைலானில் இதைப் புகழ்ந்த பிறகும் என் முடிவு இதுதான் தம்பி: க்ளின்ச்சை விட்டுவிடுங்கள், நைலானிலும்தான். பையில் இரண்டு வகை நரம்பும் கிடக்கும். மங்கலில் எது எதுவென்று தெரியாமல் ஃப்ளூரோகார்பனில் க்ளின்ச் போட்டுவிடுவீர்கள். இரண்டுக்கும் யூனி முடிச்சு தாங்கும். காதுக்குள் விட்ட நரம்பை 15 செ.மீ. அளவுக்கு இழுத்து, முதன்மை நரம்போடு சேர்த்துப் பிடியுங்கள். நுனியை மடக்கி ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்துக்குள்ளேயே இரண்டு இழைகளையும் சேர்த்து ஐந்து முறை சுற்றுங்கள். தடித்த ஃப்ளூரோகார்பன் என்றால் நான்கு சுற்று போதும். நனைத்து, நுனியை இழுத்துச் சுற்றுகளைப் படிய வைத்த பிறகு, முதன்மை நரம்பை இழுத்தால் முடிச்சு நகர்ந்து காதோடு போய் உட்காரும். க்ளின்ச்சைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். இருக்கட்டும், ஜிலேபி அதைப் பார்த்து விலகுவதில்லை.