இலவசமாக வந்த குளிர்சாதனம்: ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு மோட்டார்ஹோம் அனுபவம்

சென்ற வாரம் எங்கள் மோட்டார்ஹோமின், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டியின், கூரைக் குளிர்சாதனத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் செய்யும் ஈரப்பதச் சோதனையில், படுக்கைக்கு நேர் மேலே உட்கூரைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வளையம் கண்ணில் பட்டது. அளவுமானியின் முள்ளை அங்கே வைத்தபோது அது கீச்சென்று கத்தியது. குளிர்சாதனத்தின் பெட்டிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள நுரைப்பட்டை நாளடைவில் அமுங்கிவிடும் என்றும், அவ்வப்போது திருகுகளைச் சரிபார்த்து அளவாக முறுக்க வேண்டும் என்றும் பழுதுபார்த்தவர் சொன்னார். வண்டியைக் கையில் கொடுத்த நாளில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அன்று மாலையே நண்பர் ஒருவர், தாம் புது வண்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போவதாகவும், எந்தக் கூடுதல் வசதிகளை எடுப்பது, விலையை எப்படிப் பேசுவது என்றும் கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இவ்வளவு நீண்டுவிட்டது. ஈரம் பட்ட எரிச்சல் இன்னும் ஆறாததால் என் தீர்ப்பு சற்றுக் கோணலாக இருக்கக்கூடும்.

ஏழு மீட்டர் நீளம், பின்புறம் நிலையான படுக்கை, நான்கு இருக்கைப் பட்டைகள், 3500 கிலோ மொத்த எடை வரம்பு என்னும் வழக்கமான அமைப்புதான் எங்களுடையது. இந்த ஐந்து ஆண்டுகளில் எஞ்சின் ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை. வெப்பமூட்டி உறைபனியிலும் கைவிட்டதில்லை. படுக்கை எங்கள் வீட்டுக் கட்டிலைவிட நன்றாக இருக்கிறது. இத்தனையும் ஒழுங்காக இருந்தும், ஒவ்வோர் இரவும் படுத்தவுடன் என் கண் போய் நிற்பது அந்தக் கூரைக் குளிர்சாதனத்தின் அடிப்பாகத்தில்தான்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் பேசியும் விலையில் விற்பனையாளர் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். அப்போது அவர், "ரொக்கத்தில் இனி ஒரு காசு குறைக்க முடியாது, வேண்டுமானால் கூரைக் குளிர்சாதனத்தை எங்கள் செலவில் போட்டுத் தருகிறோம்" என்றார். விலைப்பட்டியலில் அதன் விலையைப் பார்த்தேன், நான் கேட்ட தள்ளுபடியைவிட அது கூடுதலாக இருந்தது. வென்றுவிட்டோம் என்ற மிதப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் உள்ள விலை நமக்கு உரியது, விற்பனையாளருக்கு ஆகும் செலவு கொள்முதல் விலையும் பட்டறைக் கூலியும் மட்டுமே என்பதோ, காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டோம் என்ற பொருளின் மதிப்பு நமக்குச் சுழியம் என்பதோ அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 40 செ.மீ. சதுரத் திறப்பில் பொருந்துமாறு செய்யப்பட்டவை. கூரைச் சாளரத்துக்கும் அதே அளவுத் திறப்புதான். ஆகவே பட்டறையில் எளிய வழியாகப் படுக்கைக்கு மேலிருந்த சாளரத்தைக் கழற்றிவிட்டு அந்தக் குழியிலேயே பெட்டியை இறக்கிவிட்டார்கள். ஆர்டர் படிவத்தில் 'குளிர்சாதனம், பின்புறம்' என்ற இரண்டு சொற்கள்தான் இருந்தன. எதை எடுத்துவிட்டு எதை வைப்பார்கள் என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மின் இணைப்பு இல்லாத இடங்களில்தான் நாங்கள் பெரும்பாலும் தங்குகிறோம். ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும் கருவி அது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில், அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடிய பாதியை எடுத்தால், ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆக, சாளரமும் இல்லை, குளிரும் இல்லை. புழுக்கமான இரவில் கையெட்டும் தூரத்தில் ஒரு குளிர்சாதனத்தை வைத்துக்கொண்டு வியர்த்துக் கிடப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும்.

அதோடு முடியவில்லை. வண்டியின் உயரம் சுமார் 20 செ.மீ. கூடிவிட்டதால், உயரத் தடுப்பு வைத்த வாகன நிறுத்தங்களில் முன்பு துணிந்து நுழையக்கூடிய சிலவற்றிலும் இப்போது இறங்கிப் பார்த்துவிட்டே நுழைய வேண்டியிருக்கிறது. பிற்பகலில் பெட்டியின் நிழல் சூரியத் தகட்டின் ஓர் ஓரத்தில் விழுகிறது. அதன் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஓரத்தில் விழும் நிழலே மின் உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. முப்பது கிலோ எடையும் கூரையில் ஏறிவிட்டது.

எடையைப் பற்றித்தான் நண்பருக்கு மிக விரிவாக எழுதினேன், ஏனெனில் காட்சிக்கூடத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஐரோப்பிய விதிகளில் 'ஓட்டத்துக்குத் தயாரான எடை' என்பது 75 கிலோ ஓட்டுநரையும் 90 விழுக்காடு எரிபொருளையும் சேர்த்த கணக்கு. அதிலும் தயாரிப்பாளருக்கு இரு பக்கமும் 5 விழுக்காடு விலகல் அனுமதி உண்டு. 3000 கிலோ வண்டியில் அது 150 கிலோ! தண்ணீரைப் பொறுத்தவரை, தொட்டி 100 லிட்டர் பிடித்தாலும் பயணத்துக்கு 20 லிட்டர் மட்டுமே என்று காட்டிச் சுமைத்திறனைப் பெரிதாக்குவோரும் உண்டு. எங்கள் படிவத்தில் அந்த எடை 3020 கிலோ என்று எழுதியிருந்தது. சுருள் பந்தல், இரண்டாவது மின்கலம், சூரியத் தகடு, தொலைக்காட்சிக் கம்பம், இந்தக் குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்து 170 கிலோ ஆயிற்று. முதல் பயணத்துக்கு முன் குடும்பத்தோடு, மிதிவண்டிகளோடு, நிறைந்த தண்ணீர்த் தொட்டியோடு எடைமேடையில் ஏறினோம். சீட்டில் 3560 என்று வந்தது. அன்று முதல் தண்ணீரை 20 லிட்டருக்கு மேல் நிரப்பாமல் பயணம் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் குழாயைத் தேடுகிறோம். கூரையிலிருக்கும் பெட்டிக்குப் பதில் 30 லிட்டர் தண்ணீர் கொண்டு போயிருக்கலாமே என்ற கணக்கு என் தலையில் தானாகவே ஓடுகிறது.

நண்பர் கேட்ட பட்டியலுக்கு என் பதில் சுருக்கமானது. தொழிற்சாலையில் மட்டுமே செய்யக்கூடியதற்கு முதலில் பணத்தை ஒதுக்க வேண்டும்: கூடுதல் சுமை தாங்கும் அடிச்சட்டம், கியர் அமைப்பு, சாளரங்களின் இடம், தரைக்கடியில் வெப்பக் காப்பு, கதவுகள். சூரியத் தகடு, லித்தியம் மின்கலம், பின்பக்கக் கேமரா, மிதிவண்டித் தாங்கி ஆகியவற்றை ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியில் பொருத்திக்கொள்ளலாம். உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று மட்டும் முதலில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி பிடிவாதமாக எழுதச் சொன்ன ஒன்று, பொருளறைக்கு மறுபக்கமும் ஒரு வெளிக்கதவு. அதற்குக் கொடுத்த காசை நினைத்து நான் முணுமுணுத்தேன். மழையில், இருட்டில், சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியிலிருந்து நாற்காலிகளையும் மின்கம்பியையும் அந்தக் கதவு வழியாக எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாள். இந்த வண்டியில் நாங்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு அதுதான்.

வசதிகளைத் தொகுப்பாக விற்கும் வழக்கத்தைப் பற்றி நான் நியாயமாகப் பேச முயல்கிறேன். தனித்தனியாக வாங்கினால் இன்னும் கூடுதலாக ஆகும் என்பது உண்மை. ஆனால் கொசுவலைக் கதவு ஒன்று வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சிக் கம்பத்தையும் தோல் சுற்றிய ஸ்டீயரிங்கையும் நான் ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

விலை பேசும்போது நான் உருப்படியாகச் செய்தது இரண்டே. முதலாவது, பழைய வண்டி கொடுப்பதைப் பற்றிப் புதிய வண்டியின் விலை முடிவாகும் வரை பேசாமல் இருந்தது. பழையதற்கு நல்ல விலை என்று கையில் கொடுத்து, புதியதன் தள்ளுபடியில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வது எளிது. நாம் இறுதியில் கையிலிருந்து கொடுக்கும் வித்தியாசத் தொகை ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் 'ஒப்படைக்கும் நாள்வரை விலை மாறாது, ஒப்படைப்புக் கட்டணம் இதில் அடங்கும்' என்று ஒரு வரி எழுதச் சொன்னது. வண்டி கைக்கு வரப் பதினொரு மாதம் ஆயிற்று. இடையில் தயாரிப்பாளர் விலையை உயர்த்தினார். நான் எழுந்து நின்று நாடகமாடிக் குறைத்ததைவிட அந்த ஒரு வரி எங்களுக்கு மிச்சப்படுத்தியது அதிகம். அந்த வரியை எழுத விற்பனையாளர் தயங்கவேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்ற வாரம் பெட்டியைக் கழற்றி வைத்தபோது குழி வழியாக வெளிச்சம் படுக்கையில் சதுரமாக விழுந்தது. பழுதுபார்த்தவர் அதைக் காட்டி, "இதே அளவில் சாளரம் கையிருப்பில் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை, மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். மேலே எழுதிய எல்லாவற்றையும் நான் அவரிடமும் சொல்லி முடித்திருந்தேன். சற்று நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியையே மறுபடி பொருத்தச் சொன்னேன். பேரம் பேசி வாங்கியதைக் கழற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. நண்பருக்கு எழுதிய பதிலில் இதை மட்டும் சேர்க்கவில்லை.