ஆரஞ்சு, லெமன், லைம், பெர்கமோட்: சிங்கப்பூர் வெயிலில் எது எதற்கு உதவும்?

கடையில் நறுமண எண்ணெய் அடைத்த சிறு பழுப்புக் குப்பிகளின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மணம் பிடித்ததை வாங்கி வருவதுதான் நம்மில் பலரின் வழக்கம். ஆனால், நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த ஊரில் மணத்தைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. பழத்தோலிலிருந்து அந்த எண்ணெயை எப்படி எடுத்தார்கள்? அது வெயிலையும் வெப்பத்தையும் எப்படித் தாங்கும்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குப்பியில் ‘லெமன்’ என்று இருப்பது பெரிய மஞ்சள் பழம். நாம் ஊறுகாய் போடும் சிறிய எலுமிச்சை ‘லைம்’ வகையைச் சேர்ந்தது. இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிப் பழகியதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கைக்குத் தடவிக்கொள்வது எளிதில் நடக்கும். எனக்கே நடந்தது. லெமன் என்று நினைத்து லைம் எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் தாராளமாகக் கலந்து, மணிக்கட்டில் தடவிக்கொண்டு, ஒரு ஞாயிறு முற்பகல் முழுவதும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்தேன். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், எண்ணெய் வழிந்த தடம் அப்படியே கோடாகச் சிவந்திருந்தது. பிறகு அது பழுப்பாக மாறி, மங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

இதற்குக் காரணம் ஃபியூரோகூமரின் எனப்படும் பொருள்கள். பழத்தோலை நசுக்கிப் பிழியும் குளிர் அழுத்த முறையில் இவை எண்ணெயோடு வந்துவிடுகின்றன. நம் தோலில் படிந்தபின் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலைப் புண்ணாக்குகின்றன. நீராவியில் வடித்தெடுத்தால், எளிதில் ஆவியாகாத இப்பொருள்கள் பின்தங்கிவிடும். ஆகவே, குளிர் அழுத்த முறையில் எடுத்த லைம் எண்ணெயை அஞ்ச வேண்டும். வடித்தெடுத்த லைம் எண்ணெய்க்கு இந்த அச்சம் இல்லை. ஒரே பழம், ஒரே பெயர். குணம் மட்டும் வேறு.

கழுவாமல் தோலில் விட்டுவைக்கும் கலவைகளுக்கு நறுமணத் துறையில் பின்பற்றப்படும் உச்சவரம்பு, பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் குளிர் அழுத்த எண்ணெய்க்கு 0.4 விழுக்காடு, லைமுக்கு 0.7 விழுக்காடு, லெமனுக்கு 2 விழுக்காடு. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால், 10 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் லெமன் நான்கு சொட்டு சேர்க்கலாம். லைம் ஒரு சொட்டுதான். பெர்கமோட்டில் ஒரு முழுச் சொட்டுகூட அதிகம். இனிப்பு ஆரஞ்சு எண்ணெய்க்கு வெயில் சார்ந்த வரம்பே இல்லை.

அந்த வகையில் வீட்டுப் பயன்பாட்டுக்கு என் முதல் தேர்வு ஆரஞ்சுதான். பழச்சாறு ஆலைகளின் துணை விளைபொருளாகப் பிரேசிலிலிருந்து பெருமளவில் வருவதால் விலையும் குறைவு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன் என்னும் கரைப்பான்தான். எவர்சில்வர் டப்பாவில் ஒட்டிய விலைச்சீட்டின் பசையை நகத்தால் சுரண்டிச் சலித்தவர்கள், இரண்டு சொட்டை விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். பசை திரண்டு வந்துவிடும். அதே கரைக்கும் குணத்தால், போலிஸ்டைரீன் பெட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஓட்டையாகும். சீனப் புத்தாண்டில் கிடைக்கும் மாண்டரின் ஆரஞ்சின் தோலை மெழுகுவத்திச் சுடருக்கருகே மடித்துப் பிதுக்கினால் பொறி பறப்பதும் இதே எண்ணெயால்தான் என்பதால், அடுப்பருகே இதைக் கையாளக் கூடாது.

லெமன் எண்ணெயின் புத்துணர்வான மணம் பெரும்பாலும் சிட்ரால் தருவது. அதன் அளவோ மிகச் சிறிது. மீன் வாடையைப் போக்க இதை வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வாடையை அடக்குவது சாற்றிலுள்ள அமிலம், எண்ணெயில் அமிலம் கிடையாது. வைட்டமின் சி சத்தும் கிடையாது.

மணத்துக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெர்கமோட்டையே எடுப்பேன். இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில் பெரும்பகுதி விளையும் இப்பழத்தில் லிமோனீன் குறைவு; லாவண்டரில் உள்ள லினலைல் அசிட்டேட் மிகுதி. அதனால்தான் பெர்கமோட் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே தேநீரில் அந்த இதமான மணம். தோலில் பூச விரும்பினால், ஃபியூரோகூமரின் நீக்கப்பட்டதைக் குறிக்கும் ‘எஃப்சிஎஃப்’ என்ற எழுத்துகளைக் குப்பியில் தேடுங்கள்.

எதை வாங்கினாலும் வெப்பம் அதைக் கெடுக்கும். காற்றோடு கலந்து பழையதாகும் லிமோனீன், தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. ஆகவே சிறிய குப்பியாக வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பழைய எண்ணெய் துப்புரவுக்கு உதவும் என்று சிலர் சொல்வதை, கையுறை இல்லாவிட்டால் நான் ஏற்க மாட்டேன். டெங்கிக் கொசுவை விரட்ட இந்த நான்கில் எதையும் நம்ப வேண்டாம். டீட், பிக்காரிடின் போன்றவை உள்ள விரட்டிகளே அதற்கு ஏற்றவை.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தபின், இன்னொரு கவனமும் சேர்ந்துகொண்டது. பூனையின் கல்லீரலால் இந்த எண்ணெய்களில் உள்ள பொருள்களை எளிதில் வெளியேற்ற முடியாது; அதன் உரோமத்தில் படிந்தால் நக்கியே உட்கொண்டுவிடும். பூனை உள்ள வீட்டில் மணப்பரப்பியில் ஆரஞ்சு எண்ணெய்கூட வேண்டாம்.