தோண்டி மாற்றுவதா, உள்ளுறை போடுவதா: கழிவுநீர்க் குழாய் பழுதுக்கான வழிகள் ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி மண்ணை ஊறவைப்பதால், நிலத்தடியில் விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய் தன் குறையை ஆனி ஆடியிலோ ஐப்பசி கார்த்திகையிலோ காட்டிக்கொடுத்துவிடும். விரிசல் வழியே மழைநீர் குழாய்க்குள் இறங்கி, செப்டிக் டேங்க் வழக்கத்தைவிட விரைவாக நிரம்பும். மழை ஓய்ந்தபின் அதே விரிசல் வழியே கழிவுநீர் மண்ணுக்குள் கசியும். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊர்களில் இரண்டாவது நிலைதான் கூடுதல் ஆபத்தானது.

பழைய வீடுகளில் பெரும்பாலும் 60 செ.மீ. நீளமுள்ள பீங்கான் குழாய்த் துண்டுகளைச் சிமெண்ட் பூசி இணைத்திருப்பார்கள். கழிப்பறையிலிருந்து தொட்டி வரை 12 மீட்டர் என்றால் ஏறத்தாழ இருபது இணைப்புகள். அவற்றில் ஒன்றில் பூச்சு உதிர்ந்தாலும் ஈரத்தைத் தேடிவரும் வேர் நுழைந்துவிடும். கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்தால், இணைப்பின் மேல்விளிம்பிலிருந்து தென்னையின் சல்லிவேர்கள் தாடிபோலத் தொங்குவதும், அவற்றில் துணியும் கொழுப்பும் சிக்கிக் கெட்டியாகியிருப்பதும் தெரியும்.

எந்த முறை சிறந்தது என்று கேட்பதற்கு முன், பழுது குழாயின் சுவரில் உள்ளதா, அதன் சரிவில் உள்ளதா என்று உறுதிசெய்ய வேண்டும். என் கணிப்பில் முடிவில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. 100 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 57-க்கு 1 (அதாவது 57 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்), 150 மி.மீ. குழாய்க்கு 100-க்கு 1 என்ற அளவில் சரிவு தேவை. மண் இறங்கி நடுவில் குழாய் தொய்ந்திருந்தால் அங்கே நீர் தேங்கி மலம் படியும். இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. சிறிய வழவழப்பான பந்தை மேல்முனையில் இட்டால், தடை ஏதும் இல்லாத குழாயில் அது கீழ்முனைச் சேம்பருக்குத் தானாக உருண்டு வந்துவிடும். ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் கண்ணாடியையும் வைத்து, குழாய் நேராக இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கேமரா ஆய்வு இவற்றைவிடத் துல்லியமானது என்றாலும், கேமரா இல்லாத ஒப்பந்ததாரரிடம் குறைந்தது இவற்றையாவது செய்யச் சொல்லலாம்.

சரிவு கெட்டிருந்தால் தோண்டி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரண வீட்டுக் குழாய்க்கு, அதாவது முற்றத்தைக் கடந்து செல்லும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு, செலவிலும் பெரும்பாலும் இதுவே குறைவு. ஊரிலுள்ள கொத்தனாரும் பிளம்பரும் செய்துவிடக்கூடிய வேலை. பள்ளம் மூடப்படும்வரை ஒவ்வொரு இணைப்பையும் நீங்களே கண்ணால் பார்க்கலாம். செம்பொறைக் கல்லாக மண் இறுகிய மேட்டுப் பகுதிகளில் கடப்பாரை வேலை மெதுவாகும், கூலி கூடும். குளத்தங்கரை ஓரத்திலோ பள்ளத்தில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. குழாயின் அடியிலும் இரு பக்கங்களிலும் மணல் இட்டு இறுக்காமல் கல்லோடு கல்லாக மூடிவிடுவதுதான் இம்முறையில் அடிக்கடி நேரும் தவறு. மண்ணில் புதைப்பதற்கான பி.வி.சி. குழாய்க்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 15328 என்ற தர எண் உண்டு. கட்டடத்தின் உள்ளும் வெளிப்புறத்திலும் பொருத்துவதற்கான சாம்பல்நிறக் குழாயின் எண் 13592. இரண்டாவதை விலை கருதிப் புதைப்பது பின்னாளில் நசுங்கலில் போய் முடியலாம்.

உள்ளுறை முறை முதன்முதலில் 1971-இல் லண்டனில் செய்து பார்க்கப்பட்டது. பிசின் ஊறிய நார்த் துணிக் குழலை, காற்று அல்லது நீரின் அழுத்தத்தால் உள்புறம் வெளிப்புறமாகப் புரட்டியபடி பழைய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். பின்னர் சுடுநீர், நீராவி, புறஊதா ஒளி ஆகியவற்றுள் ஒன்றால் அதை இறுகச்செய்தால், பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத புதுக் குழாய் ஒன்று உருவாகிவிடுகிறது. இணைப்பு இல்லாததால் வேருக்கும் வழியில்லை. உள்விட்டம் சில மி.மீ. மட்டுமே குறையும். ஆனால் உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதால் தொய்வு தொய்வாகவே நிற்கும். முழுதும் இடிந்த குழாயில் உறையைச் செலுத்தவே இயலாது. குளியலறைகளிலிருந்து வந்து சேரும் கிளைக் குழாய்களின் வாயையும் உறை மூடிவிடுவதால், உள்ளிருந்தே வெட்டித் திறக்க வேண்டும். இதற்கான கருவியும் ஆளும் சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. வண்டி வந்து இறங்கும் செலவு 12 மீட்டருக்கும் 60 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் குறுகிய குழாய்க்கு இது கட்டுப்படியாகாது.

பழைய குழாயைக் கூம்புமுனையால் உடைத்துக்கொண்டே புதிய எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பிளாஸ்டிக்) குழாயை இழுத்துவரும் முறையும் உண்டு. விட்டத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்பது இதன் தனிச்சிறப்பு. வளைவுகள் உள்ள வீட்டுக் குழாய்க்கும், குடிநீர்க் குழாய் ஒட்டியே செல்லும் சந்துக்கும் இது பொருந்தாது.

வணிக இடங்களில் கணக்கு மாறிவிடுகிறது. 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஓட்டலிலோ லாட்ஜிலோ டைல்ஸ் தரையைப் பெயர்ப்பதும், சாலை வெட்ட அனுமதி பெற்றுச் சீரமைப்புக் கட்டணம் கட்டுவதும், கடையடைத்த நாள்களின் வருமான இழப்பும் சேர்ந்தால், விலை கூடிய உள்ளுறையே மலிவாகத் தோன்றக்கூடும். ஆயினும் சமையலறைக் குழாயில் கொழுப்புத் தடுப்புத் தொட்டி இல்லாத ஓட்டலுக்கு எந்த முறையைச் செய்தாலும் அடைப்பு திரும்பி வரும். அந்தத் தொட்டியை முதலில் கட்டிவிட்டுப் பிறகு விலை கேட்பதே முறை.

உயர் அழுத்த நீரால் கழுவுவது பழுதுபார்ப்பு ஆகாது. பழுதைப் பார்ப்பதற்கான முன்வேலை. சுவர் மெலிந்த பழைய குழாயில் அழுத்தத்தைக் குறைத்தே செய்ய வேண்டும். இதற்கு மாற்றாக, ஆளைத் தொட்டிக்குள் இறக்கினால் மலிவு என்று யாரேனும் சொன்னால் ஏற்கவே கூடாது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. கேரள எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் ஆள்நுழைவுக் குழிகளைத் துப்புரவு செய்ய 2018-இலேயே பாண்டிகூட் என்னும் இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

எம்முறையைத் தேர்ந்தாலும் விலைப்புள்ளியில் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் கேமராப் பதிவு, கிளை வாய்களைத் திறக்கும் செலவு, பெயர்த்த தரையையும் முற்றத்தையும் பழையபடி ஆக்கித் தருவது யார் பொறுப்பு என்பது. கடைசித் தவணையை அந்த இரண்டாம் பதிவைப் பார்த்த பிறகே கொடுக்கலாம்.